மாண்ட்கோமரியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் இங்கே அமெரிக்காவுக்கு வந்து ஐந்து மாதம் ஓடிவிட்டது. அலபாமா வெயில் நம் செங்கல்பட்டு வெயிலுக்குச் சளைத்ததில்லை, புழுக்கமும் அதே. இருங்காட்டுக்கோட்டையில் பார்த்த ஹூண்டாய் வேலைதான் இங்கேயும், அதனால் தடுமாற்றம் இல்லை. வெண்டைக்காய் கிடைக்கிறது. ஆனால் மாவில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள். புளிக்குழம்புக்கு நானே வாங்கி நறுக்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு டவுனுக்குப் போனேன். பழைய கிரேஹவுண்ட் பஸ் நிலையம் ஒன்று இருக்கிறது. 1961 மே மாதம், கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து பஸ்ஸில் வந்த இளைஞர்களை ஒரு கும்பல் அடித்துப் போட்ட இடம். இப்போது மியூசியம். அதை ஒட்டியே ஃபெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசின் கோர்ட். பெஞ்ச் கிளார்க் பிள்ளை நான், கோர்ட்டைப் பார்த்துவிட்டு நிற்காமல் போவேனா? பிராங்க் எம். ஜான்சன் என்ற நீதிபதியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அன்று இரவு முழுக்க அவரைப் பற்றித்தான் படித்தேன்.

வடக்கு அலபாமாக்காரர். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் நார்மண்டியில் காயம்பட்டவர். 1955 நவம்பரில் இங்கே ஜட்ஜாக வந்தபோது வயது 37தான். அடுத்த மாதமே ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் இந்த ஊர் பஸ்ஸில் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். பஸ்ஸில் நிறம் பார்த்து உட்காரவைப்பதை எதிர்த்து நான்கு பெண்கள் போட்ட வழக்கு மூன்று நீதிபதிகள் முன் வந்தது. 1956 ஜூனில் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு: அந்தச் சட்டம் செல்லாது. ஜான்சனோடு சேர்ந்து எழுதியவர் ரிச்சர்ட் ரைவ்ஸ், இதே ஊரைச் சேர்ந்த மேல்முறையீட்டு நீதிபதி. விபத்தில் இறந்த அவர் மகனின் கல்லறையில் குப்பையைக் கொட்டினார்களாம். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன் அப்பா. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப எடுக்க முடிந்தது.

ஜான்சனை மிரட்ட அவர் வீட்டு முன் சிலுவையைக் கொளுத்தினார்கள். 1967இல் அவர் வீடு என்று நினைத்து அவருடைய அம்மா வீட்டில் குண்டு வைத்தார்கள். நல்லவேளை, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனைக்கும் இங்கே ஃபெடரல் ஜட்ஜுக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. நம்மூரில் ஒரு ஜட்ஜைப் பிடிக்காவிட்டால் மூன்று வருடத்தில் மாறிப்போவார் என்று காத்திருப்பார்கள் என்பீர்களே! இவர் அதே ஊரில், அதே முகங்களுக்கு நடுவே இருபத்து நான்கு வருடம் அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்தார். 1965இல் கறுப்பரின் வாக்குரிமைக்காக செல்மா என்ற ஊரிலிருந்து இங்கே மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலம் வர அனுமதித்த உத்தரவும் அவருடையதுதான். அநீதி எவ்வளவு பெரிதோ, அதை எதிர்த்து நடக்கும் உரிமையும் அவ்வளவு பெரிது என்ற பொருளில் எழுதினார். மனநல மருத்துவமனையில் அடைத்து வைத்தவர்களுக்குச் சிகிச்சை பெற உரிமை உண்டு என்றும் தீர்ப்பளித்தார்.

1979இல் அதிபர் கார்ட்டர் அவரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். நம் ஹைகோர்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சுப்ரீம் கோர்ட் மட்டும்தான். 1999இல் காலமானார்.

நீங்கள் இங்கே வரும்போது முதலில் அந்தக் கோர்ட்டுக்குத்தான் கூட்டிப்போவேன். அடுத்த மாதம் ஒரு நாள் லீவு போட்டு, விசாரணை நடக்கும் அறையில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன். அங்கே பெஞ்ச் கிளார்க் எங்கே உட்காருகிறார், வழக்குக் கட்டுகளை எப்படி எடுத்துக் கொடுக்கிறார் என்று பார்த்து எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகன்