மரங்கள் இருக்கின்றனவே, என்ன கவலை!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஜவ்வாது மலைச் சந்தன மரங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "காடு திட்டுத்திட்டாகப் பிரிந்தாலும் மரங்கள் இருக்கின்றனவே, குறைகிற இடத்தில் நாற்று நட்டால் ஈடாகிவிடும்." எழுதியவர் மலையடிவாரம் வரைக்குமாவது வந்தாரா என்று கேட்க ஆசை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, சந்தனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைக் கொண்டு தானே காய்க்காது. வேறொரு மரத்திலிருந்து தேனீயோ ஈயோ சுமந்து வரவேண்டும், அந்த மரமும் நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது. அப்புறம் இன்னொன்று. மரத்தை வெட்டினால் மிச்சமிருக்கும் வேர் துளிர்க்கும், அப்படி வந்தவை தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு மாதிரி நிற்கும், ஆனால் அத்தனையும் பழைய மரமேதான், மரபணுவில் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் நிலத்து வரப்பிலேயே இதைப் பார்க்கலாம். அப்பா காலத்துப் பெரிய சந்தனம் ஒன்றை ஒரு ராத்திரி யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள் (புகார் கொடுக்கப் போனால் எங்களையே ஏற இறங்கப் பார்த்தார்கள், அதை விடுங்கள்). வேரிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பி வளர்ந்துவிட்டது. வருஷா வருஷம் பூக்கிறது, ஆனால் காய் அங்கொன்றும் இங்கொன்றும்தான். சுற்றிலும் கடலைக்கொல்லை, அதைத் தாண்டினால் கல் நட்ட வீட்டுமனை. அதே பருவத்தில் காட்டோரத்து மரங்களில் பழம் கறுத்துத் தொங்குகிறது, சின்னானும் குயிலும் தின்று விதையை எங்கெங்கோ போடுகின்றன. எண்ண வருகிறவர் எங்கள் வரப்பில் நிற்பதையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு போவார், உங்கள் கட்டுரையாளரும் "இருக்கின்றனவே" என்று நிம்மதியாக எழுதுவார்.

கடத்தல்காரன் எந்த மரத்தை வெட்டுவான்? வைரம் பாய்ந்த பெரிய மரத்தைத்தான். நோஞ்சானை விட்டுவிடுவான், நாளைக்கு விதை தரப்போவது அதுதான். உங்கள் பத்திரிகையில் எத்தனை வருடமாகப் பிடிபட்ட கட்டையின் கிலோவும் மதிப்பும் கொட்டை எழுத்தில் வருகின்றன! போன மரத்தோடு காட்டுக்கு என்ன போனது என்று ஒரு தடவையாவது எழுதினீர்களா?

நீங்கள் எண்ணிக்கையில் புலி என்றால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆலங்காயம் 2019லேயே வேலூரை விட்டுத் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, உங்கள் பக்கத்தில் மட்டும் இன்னும் வேலூர் மாவட்டம்தான். 1989ல் வட ஆற்காடு பிரிந்த செய்தியாவது அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததா? இப்போது ஒரே மலை, மூன்று மாவட்டம், அவரவர் எல்லைக்குள் அவரவர் கணக்கு. இடையில் மகரந்தம் போய்வர வழி இருக்கிறதா என்பது யாருடைய கணக்கிலும் வராது.

கோடை வந்தால் "வேலூரில் வெயில் சதம்", மழை வந்தால் பிரமுகர் கன்று நடும் படம். படத்தில் இருப்பது பாதி நேரம் தூங்குமூஞ்சி மரம், இல்லாவிட்டால் செம்மயில்கொன்றை (குல்மோகர்). ஒன்று அமெரிக்கா, இன்னொன்று மடகாஸ்கர். சரி, நிழல் தரட்டும். ஆனால் சந்தனக் கன்று வாங்க ஒரு நாற்றங்காலுக்குப் போனேன், பையில் துணைக்குத் துவரை (சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சித்தான் வளரும்) எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்கள், விதை எந்தக் காட்டு விதை என்று கேட்டால் "மரத்து விதைதாங்க" என்று பதில்! ஒரே மரத்தடியில் கூட்டி அள்ளிய விதையா, தூரந்தூரமாக நிற்கும் பல மரங்களில் பொறுக்கியதா என்பது அவருக்கே தெரியாது. ஒரு தாயின் பிள்ளைகளையே ஆயிரக்கணக்கில் நட்டுவிட்டு அதற்குக் காடு என்று பெயர் வைத்தால், அடுத்த தலைமுறை விதை சொத்தையாகத்தான் இருக்கும். கோயம்புத்தூரில் மர மரபியலுக்கென்றே மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது.

மறுப்பு வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. முன்பு நான் எழுதியவை எந்தக் கூடைக்குப் போயின என்று எனக்கும் தெரியும். கேட்பது ஒன்றுதான்: இனிமேல் கன்று நடும் படம் போட்டால், விதை எங்கே, எத்தனை மரங்களில் எடுத்தது என்று நிருபரைக் கேட்கச் சொல்லி, படத்தின் கீழே ஒரு வரி போடுங்கள். பிரமுகர் பெயர்களில் இரண்டைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

கடிதம் நீளம் என்று வெட்டுவதானால் மாவட்டத்தைப் பற்றிச் சொன்னதை வெட்டிக்கொள்ளுங்கள், விதையைப் பற்றிக் கேட்டதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்