அந்த ஒரு எண் அப்படியே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், அவனே சொல்லியிருப்பான். பெரியப்பா வீட்டு விஷயம் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது, நீ வரும்போது பேசிக்கொள்ளலாம்.

கொஞ்ச நாளாக நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்கில் இருக்கிறேன்பா, அப்புறம் பேசுகிறேன்" என்கிறாய். அம்மாவிடம் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொன்னாயாம். உங்கள் கம்பெனி வெளியிட்ட அறிக்கையை நானும் படித்தேன். உங்கள் ஜீன் சிகிச்சை மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் இரண்டாம் கட்ட ட்ரையலைப் பற்றிய பத்தியில் "ஊக்கம் தரும் போக்கு தென்படுகிறது" என்று எழுதியிருந்தது. முதன்மை எண்ட்பாயிண்ட், அதாவது மருந்து பலித்ததா என்று முடிவு செய்ய முன்கூட்டியே குறித்து வைத்த அளவு, எட்டப்பட்டதா இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை. மருந்துத் தொழிற்சாலையில் ஒவ்வொரு பேட்சையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வெளியே அனுப்பும் பேட்ச் ரிலீஸிலேயே காலத்தைக் கழித்தவனுக்கு எழுதாமல் விட்ட வரிதான் முதலில் கண்ணில் படும்.

அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. உனக்கு ரகசிய ஒப்பந்தம் இருக்கும், நீ சொல்லவும் கூடாது. வேறு ஒன்றைப் பேசுகிறேன்.

ஐசிஸ்-2 ட்ரையலைப் பற்றி எனக்குச் சொன்னதே நீதான். 1988-இல் லான்செட்டில் வந்தது, 17,187 பேர், மாரடைப்பு. ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே இறப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நோயாளிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று காட்ட, ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்திலும் துலாமிலும் பிறந்தவர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் செய்ததுபோல் வந்தது, வெறும் தற்செயலாக. அன்று அதை எனக்கு விளக்கும்போது உன் முகத்தில் இருந்த பிரகாசத்தை நான் மறக்கவில்லை. புள்ளியியல் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் அந்தக் கதையைத்தான் சொன்னேன்.

இன்று யாராவது உன் மேஜைக்கு வந்து, "வயது குறைந்தவர்களை மட்டும் எடுத்துப் பாரேன், நோய் முற்றாதவர்களை மட்டும் எடுத்துப் பாரேன்" என்று கேட்டால், மிதுனத்தையும் துலாமையும் நினைத்துக்கொள். பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார், ஆனால் பிறகு தேடிக் கண்டது என்று எழுதி வை. அடுத்த ட்ரையலில் கேட்க வேண்டிய கேள்வியாக அது இருக்கட்டும். இந்த ட்ரையலின் விடை ஆகாது.

பண நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை போய்ச் சேருகிறது. மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியை முதல்முறையாக அழுத்திக் கேட்பது இரண்டாம் கட்டம். அதனால் அதிகம் விழுவதும் அங்கேதான். ஒரே மருந்தை நம்பியிருக்கும் சின்னக் கம்பெனிக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அடுத்த முதலீடு வராது, பெரிய கம்பெனியோடு நடக்கும் லைசென்ஸ் பேச்சும் நின்றுவிடும். கூட வேலை செய்பவர்களின் குடும்பங்களெல்லாம் கண்முன் வரும். எல்லாம் சரி.

ஆனால் உங்கள் மருந்து நான் பார்த்த மாத்திரை மாதிரி இல்லை. மாத்திரையில் பலன் இல்லை என்றால் நோயாளி நிறுத்திவிட்டு வேறு மருந்துக்குப் போவார். ஜீனைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ஏஏவி என்ற வைரஸில் ஏற்றி ஜீனைக் கொடுத்துவிட்டால் உடம்பில் அந்த வைரஸுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிவிடுகிறது. பெரும்பாலும் அவருக்கு இரண்டாம் முறை கொடுக்க முடியாது. நாளைக்கு வேறொருவர் நல்ல மருந்தோடு அதே வைரஸில் வந்தாலும் அந்தக் கதவு மூடியிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாய்ப்பு. மங்கலான ஓர் எண்ணை வைத்து மூன்றாம் கட்டத்துக்குப் போனால் செலவாவது முதலீட்டாளரின் பணம் மட்டும் இல்லை கண்ணு.

1999-இல் அமெரிக்காவில் ஜீன் சிகிச்சை ட்ரையல் ஒன்றில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற பையன் இறந்தபோது அவனுக்கு வயது 18. அதற்கு முன் நடந்த சோதனையில் குரங்குகள் இறந்த விஷயம் அவன் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் இல்லை. ஆராய்ச்சியை நடத்தியவருக்கு ஒரு கம்பெனியில் பங்கு இருந்தது. அதன்பின் இந்தத் துறையே பல வருஷம் தலைதூக்கவில்லை. அமெரிக்காவில் பரம்பரை நோய் ஒன்றுக்கு முதல் ஜீன் சிகிச்சையாக லக்ஸ்டர்னா அனுமதி பெற்றது 2017 டிசம்பரில்தான். அனுமதி கிடைத்தாலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஐரோப்பாவில் 2012-இல் அனுமதி பெற்ற கிளைபெரா என்ற ஜீன் மருந்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் யூரோ விலை, வணிகரீதியாக அதைப் பெற்றுக்கொண்டவர் ஒரே ஒருவர். 2017-இல் லைசென்ஸைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டார்கள்.

ஒன்று மட்டும் என் துறை ஆளாகச் சொல்கிறேன். உயிருள்ள செல்லில் செய்யும் மருந்துக்குச் செய்முறையே மருந்து. பெரிய பாத்திரத்துக்கு மாற்றும்போது, ஜீன் ஏறாத வெற்று வைரஸ் கூடுகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பது பேட்சுக்குப் பேட்ச் மாறலாம். யாருக்கு எந்த பேட்ச் போனது என்று தயாரிப்புப் பிரிவில் கேட்டாயா? இதுவும் பிறகு தேடுவதுதான், தெரியும். இதையும் கேள்வியாக மட்டும் வை. ஆனால் ராசியைப் போல் இல்லாமல் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஆய்வகத்தில் அளந்து பார்க்கவும் முடியும்.

ட்ரையல் தொடங்கும் முன்பே கணக்கிடும் திட்டத்தை எழுதிப் பூட்டி வைத்தது நீ. அதை எழுதி முடித்த இரவு எனக்குப் போன் செய்தாய், அவ்வளவு சந்தோஷம் உனக்கு. சந்தோஷத்துக்குப் போன் செய்யத் தெரிந்தவள் இதற்கு மட்டும் ஏன் ஒளிகிறாய்? அப்பாவுக்குப் புரியாது என்றா? நான் கையெழுத்துப் போட மறுத்த அந்த பேட்ச் விவகாரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்டால் இன்னும் கூடுதலாகச் சொல்வாள்.

முதன்மை எண்ட்பாயிண்டுக்கு வந்த எண்ணை மாற்றாதே. மற்றவர்கள் அறிக்கையில் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், உன் பெயர் இருக்கும் பக்கத்தில் அந்த எண் அப்படியே இருக்கட்டும். அதற்காக வேலை போனால் போகட்டும், வீட்டுக் கடன் தவணையைக் கொஞ்ச காலம் நான் பார்த்துக்கொள்கிறேன். தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. மறுபடியும் சொல்கிறேன், எண்ணை மாற்றாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மா பக்கத்தில் இருந்தால் ட்ரையல் பேச்சை எடுக்காதே, அந்த அறிக்கையை அவளுக்கு நான் இன்னும் காட்டவில்லை.

அன்புடன்,
அப்பா