விதைப்புக்கு முன் வந்து சேரட்டும் உதவித்தொகை

வேளாண் புலத் தலைவர்களுக்கும் உதவித்தொகைக் குழுவினருக்கும்,

வணக்கம். குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, உதவித்தொகையை நம்பி நிலைத்த வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்காக எழுதுகிறோம். செமஸ்டர் நாட்காட்டியை ஒதுக்கிவிட்டு, விதைப்பு நாளைக் கணக்கிட்டுப் பணம் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

பயறுவகைப் பயிரின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குப் பிடித்துத் தருவது ரைசோபியம். அதை விதையில் பூசும் விதைநேர்த்தியின் பலனை அளக்கும் ஆய்வையே பாருங்கள். பெரிய செலவில்லாத ஆய்வு. ஆனால் நாள் தவறினால் மீட்க முடியாது. விதைப்பையொட்டி முதலில் இடும் அடியுரம் விழுவதற்கு முன் மண் மாதிரி எடுத்தாக வேண்டும். 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆப்பு வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுக்கிறோம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்தி நிழலில் உலர்த்துகிறோம். சோதனைக் கட்டணத்துக்குப் பணம் வரட்டும் என்று மாணவர் காத்திருந்தால் அதற்குள் வயலில் உரம் விழுந்துவிடும். பிறகு எடுக்கும் மாதிரி தொடக்க நிலையைக் காட்டாது. மாதிரியை முதலில் எடுத்து உலர்த்தி வைத்துக்கொண்டு, கட்டணத்தைப் பின்னால் கட்டலாம்தான். அந்தச் சின்ன வழியைச் சொல்லித்தர இவர்கள் வீட்டில் ஆளில்லை. துறைதான் சொல்ல வேண்டும்.

ரைசோபியம் உயிருள்ள பாக்டீரியா. வெயிலில் கிடந்த பொட்டலத்தால் பயனில்லை. விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். கடைசி நேரத்தில் கிடைத்ததை வாங்கிவரும் மாணவரின் வயலில் வேர் முடிச்சு சரியாகப் பிடிக்காமல் போகலாம். அப்போது பழி அவருடைய ஆய்வின் மீது விழும்.

பூக்கும் பருவத்தில் செடியை மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, முடிச்சைப் பிளேடால் இரண்டாக வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தழைச்சத்தை நிலைநிறுத்தும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்தது. காய் முற்றத் தொடங்கியதும் முடிச்சுகள் வாடத் தொடங்கும். அதனால் பூக்கும் வாரத்தில் இடைப்பருவத் தேர்வு வைத்தால் அளவீடே கைநழுவிப் போகிறது. படிப்புச் செலவுக்காக மாலையில் வேலைக்குப் போகும் மாணவர் இன்னொரு நாளைத் தேடிப்பிடிக்கவும் முடியாது.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு தடை: "முதலில் செலவழியுங்கள், ரசீது தந்தால் திருப்பித் தருகிறோம்" என்ற விதி. கையில் முன்பணமே இல்லாதவருக்கு இந்த விதி கதவை அடைத்துவிடுகிறது. முன்பணமாகக் கொடுத்து, பிறகு கணக்குக் கேளுங்கள்.

மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகை நிற்கும் என்ற நிபந்தனையும் ஆய்வை வளைக்கிறது. மழையோ பூச்சியோ பயிரை அழித்துவிடுமோ என்ற பயத்தில் நல்ல மாணவர்கள் வயலை விட்டுத் தொட்டிச் செடி ஆய்வுக்குப் போகிறார்கள். பயிர் போன வயலிலும் படிக்க நிறைய இருக்கிறது: முளைப்பு எண்ணிக்கை, மழைப் பதிவு, தாக்குதல் தொடங்கிய நாள், எந்த வரிசையில் தொடங்கியது என்பது. விளைச்சலை மட்டும் பார்க்காமல் களக் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் போடுங்கள்.

மண்ணின் கரிமச்சத்து ஒரே பருவத்தில் அளந்து சொல்லும்படி மாறிவிடாது. சில ஆண்டுகள் பிடிக்கும். அதனால் ஒரு நிரந்தரப் பாத்தித் தொகுதியை ஒதுக்கி, ஒரு வகுப்பு எழுதிய குறிப்பேட்டை அடுத்த வகுப்பு தொடரும்படி செய்யுங்கள். புதிதாக வரும் மாணவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மூத்தவரும் கிடைப்பார்.

இந்த ஆண்டே தொடங்கலாம். பண்ணை மேலாளரிடம் விதைப்புத் தேதியைக் கேளுங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பாக முதல் தவணையை மாணவரின் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கள ஆய்வுகளில் மாணவர்களுக்கு வழிகாட்டுவோர்