ஏரியை இறைத்த கதை

கேரி, வட கரோலினா
டிசம்பர் 29

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு திண்ணையே கதி என்று எழுதியிருக்கிறாய். இருபத்தெட்டு வருஷம் பொதுப்பணித் துறையில் மதகு மதகாக அலைந்த கால், இப்போது கணக்குக் கேட்கிறது. சரி, போன வாரம் ஓர் ஏரிக்குப் போய் வந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதை உனக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

என் வீட்டிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் ஹைட் கவுன்டி. கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, அளவில் சின்னது. அட்லாண்டிக் ஓரம். மொத்தப் பரப்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 2020 கணக்கெடுப்பில் ஜனங்கள் 4,589 பேர். 1900-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். கவுன்டி முழுக்கத் தேடினாலும் நகராட்சி, பேரூராட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது. தலைமையிடம் ஸ்வான் குவார்ட்டர், அதுவும் ஒரு கிராமம்தான்.

நடுவில் மேட்டமஸ்கீட் ஏரி. இந்த மாநிலத்திலேயே பெரிய இயற்கை ஏரி, சுமார் 40,000 ஏக்கர். ஆனால் ஆழம் சராசரி இரண்டு மூன்று அடிதான். உள்ளே இறங்கினால் இடுப்பு நனைவதே அதிகம். இவ்வளவு அகலத்தில் இவ்வளவு குறைவான தண்ணீரைப் பார்த்த சில பேருக்கு ஆசை வந்துவிட்டது: இறைத்துவிட்டால் அடியில் கறுப்பு மண், அள்ளிக்கொள்ளலாம். ஏரியின் தரை கடல் மட்டத்துக்கும் கீழே என்பதால் தானாக வடியாது. நீராவியில் ஓடும் பம்பு நிலையம் கட்டினார்கள். உலகிலேயே பெரியது என்று அன்றைக்குப் பெயர். ஏரிக்குள்ளேயே நியூ ஹாலந்து என்று ஊர் வைத்து, மக்காச்சோளமும் சோயாவும் போட்டார்கள். மழை பெய்யும், ஏரி நிரம்பும், கம்பெனி கைமாறும், அடுத்தவன் வந்து மறுபடி இறைப்பான். இப்படி மூன்று தடவை. 1932-இல் பம்பை நிறுத்தினார்கள், ஏரி பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. 1934-இல் அரசாங்கம் வாங்கிப் பறவைகள் சரணாலயமாக்கியது. பம்பு நிலையம் விடுதியாக மாறியது, புகைபோக்கியை ஏறிச் சுற்றிலும் பார்க்கும் கோபுரமாக்கினார்கள். கோபுரத்தில் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டேன். பூட்டு.

ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாலை போகிறது. அதில் காரை ஓரங்கட்டிவிட்டு நின்றேன். ஆர்க்டிக்கிலிருந்து குளிருக்கு வந்த அன்னங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேய்கின்றன. பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை இப்படிச் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும் என்று நம் தமிழய்யா சொல்லவே இல்லை!

ஸ்வான் குவார்ட்டரில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. கேட்ட மனையைச் சொந்தக்காரர் தர மறுத்ததால் வேறு இடத்தில் கட்டினார்களாம். 1876-இல் புயல் வெள்ளம் வந்து கட்டடத்தை அப்படியே மிதக்க விட்டு, முதலில் கேட்ட மனையிலேயே கொண்டுபோய் இறக்கியதாம். சொந்தக்காரர் மறுபேச்சில்லாமல் பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்கிறார்கள். இருக்கட்டும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. 1968-இல் இந்தக் கவுன்டியில் தனித்தனியாக இருந்த கறுப்பர், வெள்ளையர் பள்ளிகளை ஒன்றாக்கும்போது, கறுப்பர்களின் இரண்டு பள்ளிகளையும் மூடிவிட்டுப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு அனுப்புவதாகத் திட்டம். கேட்பதற்கு நல்ல காரியம்போல இருக்கும். ஆனால் அவை அந்த ஜனங்கள் தாங்களே பாடுபட்டு வளர்த்த பள்ளிகள். சேர்வதானால் எங்கள் பள்ளியும் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஏறக்குறைய ஒரு வருஷம் முழுக்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே இல்லை. தலைநகர் ராலேவுக்கு நடந்தே ஊர்வலம் போனார்கள். கைதானார்கள். கடைசியில் இரண்டு பள்ளிகளும் தப்பின, வெள்ளைப் பிள்ளைகளும் அங்கே வந்து படித்தார்கள். படிப்பை நம்பிப் பிழைக்கிற ஏழை வீட்டில் ஒரு வருஷப் படிப்பைப் பணயம் வைப்பது என்றால் சும்மாவா? நானாக இருந்தால் பயந்திருப்பேன்.

இதே கவுன்டியைச் சேர்ந்த ஒக்ரகோக் தீவுக்குப் பாலம் கிடையாது, ஸ்வான் குவார்ட்டரிலிருந்து ஃபெர்ரியில் போனால் இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஆகும். அன்றைக்கு நேரமில்லை. கறுப்புத்தாடி என்ற கடற்கொள்ளைக்காரனை 1718-இல் அந்தத் தீவுப் பக்கம்தான் கொன்றார்கள். 2019 செப்டம்பரில் டோரியன் புயலில், கடல் பக்கமிருந்து அல்லாமல் பின்பக்கக் கழியிலிருந்து (தீவுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் உப்புநீர்ப் பரப்பு) தண்ணீர் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது.

திரும்பும் வழியில் சாலையோரம் பைன் மரங்கள் நின்றபடியே செத்து, சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. உப்பு வேருக்கு வந்துவிட்டால் அப்படித்தானாம்.

இப்போது உன் பாடம். ஏரியிலிருந்து கழிக்குப் போகும் நான்கு கால்வாய்களில் மதகு வைத்திருக்கிறார்கள். ஏரி மட்டம் உயர்ந்தால் கதவு தானே வெளிப்பக்கம் திறக்கும், கழி உயர்ந்தால் மூடிக்கொள்ளும். கடல் மட்டமோ ஏறிக்கொண்டே போகிறது. கதவு திறக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் ஏரித் தண்ணீர் எங்கே போகும்? மறுபடி பம்பு வைப்பதைத் தவிர வழி உண்டா? போட்டோ தனியாக அனுப்புகிறேன், பார்த்துவிட்டு எழுது. தங்கச்சியிடமும் பிள்ளைகளிடமும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்