செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சாத்தூர்ச் சிறுதொழில், வணிகச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, வாறுகால் தொடர்பாக நகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல் அலுவலகக் கோப்பில் உள்ளது. வியாழன் மாலைகளில் நடக்கும் உதவி மேசையைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் சேவுக்கடைக்காரர்கள் பலர் மாவு பிசையும் எந்திரத்துக்கும் பாக்கெட் போடும் எந்திரத்துக்கும் கடன் கேட்டு அலைந்தார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்தார்கள், விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் எளியது: அந்தத் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே அடுப்பு எரியும் கடைக்கு உரியது, உணவு பதப்படுத்தும் குறுநிறுவனங்களுக்காக 2020இல் வந்த திட்டம். அதில் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் மானியம். திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்க மாவட்டத்தில் வளப் பயிற்றுநர் இருக்கிறார். அவருக்கான தொகையை அரசே தருகிறது. நாம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது, மூன்றாண்டுகள் வங்கியிலேயே இருந்து பிறகு கடனில் கழியும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் விட்டால் பின்னால் மனத்தாங்கல்தான்.

குறு, சிறு தொழில்களுக்கு அரசு இணையத்தில் நடத்தும் உதயம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். இதற்குப் பணம் கொடுத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. தயவுசெய்து சங்கத்துக்கு வாருங்கள்.

சரக்கு வாங்கிய வெளியூர் வியாபாரிகள் தராமல் வைத்திருக்கும் பாக்கி அடுத்த பெரிய கவலை. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. வாங்கி விற்கும் கடைகளுக்கு இது பொருந்தாது. 2021 முதல் அவர்களும் உதயத்தில் பதியலாம், ஆனால் வங்கிகள் முன்னுரிமை கொடுத்துத் தரும் கடனுக்கு மட்டும். ஆகவே நம்மில் தயாரிப்பவர்கள் பில்லில் உதயம் எண்ணை அச்சிடுங்கள். பழகிய வியாபாரிக்கு நோட்டீஸ் அனுப்பத் தயங்குவது புரிகிறது. எண் பில்லில் இருந்தாலே கேட்கும் குரலுக்கு ஒரு பலம் வரும்.

ஆண்டு விற்பனை ரூ.12 லட்சத்துக்குள் உள்ள பலகாரக் கடைகளின் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு ரூ.100தான். புதுப்பிக்க மறந்தவர்கள் இந்த வாரமே வரவும்.

வரும் ஆண்டுக்கு ஒரே கோரிக்கை. காராச்சேவு காறாமல் வெளியூர் போய்ச் சேர நல்ல பாக்கெட் வேண்டும். அந்த எந்திரத்தைத் தனித்தனியாக வாங்க நம்மில் பலருக்கு வசதியில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது எந்திரத்துக்கும் முன்பு சொன்ன உணவு பதப்படுத்தும் திட்டத்தில் மானியம் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க ஐவர் குழு அமைக்கும் தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்