அஞ்சலை நினைவிடத்துக்குப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறோம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 27க்கு முந்தின சனிக்கிழமை நம்ம தமிழ் வகுப்புப் பிள்ளைங்க எல்லாரையும் நம்ம மொரீஷியஸ் தீவோட வடக்குல, பெல் வூ அரேல்ல இருக்குற அஞ்சலை குப்பன் நினைவிடத்துக்கு கூட்டிட்டுப் போறோம். பெர்மிஷன் பேப்பர் பிள்ளைங்க பையில இருக்கு, கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க.

அஞ்சலை யாருன்னு வகுப்புல கேட்டா பாதிப் பேர் ஸ்டேடியம்னு சொல்றாங்க. யாரும் சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஸ்டேடியத்துக்கு வச்ச பேருக்குச் சொந்தக்காரங்க கரும்புத் தோட்டத்துல கூலி வேலை செஞ்ச ஒரு தமிழ்ப் பொம்பள.

1943ல உலகப் போர் நடந்துட்டு இருக்கு. அப்போ மொரீஷியஸுக்கு அரிசி பெரும்பாலும் பர்மால இருந்துதான் கப்பல்ல வரும், 1942ல ஜப்பான் பர்மாவ புடிச்சதும் அது நின்னு போச்சு, ஜனங்க மக்காச்சோள மாவையும் மரவள்ளிக்கிழங்கையும் வச்சு வயித்த கழுவினாங்க, சாமான் விலை ஏறிட்டே போகுது ஆனா தோட்டத்துக் கூலி அதுக்கு எட்டவே இல்ல. வடக்குப் பக்கத் தொழிலாளிங்க கூலி கூட்டிக் கேட்டு வேலைய நிறுத்தினாங்க. செப்டம்பர் 27 அன்னிக்கு பெல் வூ அரேல்ல போலீஸ் சுட்டதுல நாலு பேர் உசுரு போச்சு. அஞ்சலைக்கு 32 வயசு, வயித்துல புள்ள. மத்த மூணு பேர் கிருஷ்ணசாமி முனுசாமி, மருதை பனாப்பன், அப்புறம் முனுசாமி முனியன், அவனுக்கு வெறும் 14 வயசு, நம்ம பெரிய வகுப்புப் பசங்க வயசுதான்.

சின்னப் பிள்ளைங்ககிட்ட துப்பாக்கிச் சூடு பத்தியெல்லாம் பேசணுமான்னு சில அம்மாங்க கேட்டீங்க. பேசணும்னுதான் நான் நெனைக்கிறேன். பயமுறுத்தாம, வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லுவோம், ஆனா மறைக்க மாட்டோம். பெரிய பசங்களுக்கு அதுக்கு முன்னாடி நடந்ததையும் சேர்த்துச் சொல்லித் தருவோம்: 1936ல மோரிஸ் க்யூரே தொழிலாளர் கட்சி ஆரம்பிச்சது, 1937ல யூனியன் ஃப்ளாக் தோட்டத்துல நடந்த துப்பாக்கிச் சூடு, 1938ல போர்ட் லூயி சாம் தெ மார்ஸ் மைதானத்துல நடந்த மொதல் மே தினம், அதே வருஷம் தொழிலாளர் தலைவர் எம்மானுவேல் ஆன்கெட்டில ரோட்ரிக்ஸ் தீவுக்கு நாடு கடத்தினது. இன்னிக்கு மே 1 லீவு வருதுன்னா அது இவங்க எல்லாம் பட்ட பாட்டுல வந்தது.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். நம்மள்ல நிறையப் பேர் வீட்ல தாத்தா பாட்டி தோட்டத்து கேம்ப்ல, அதாவது தொழிலாளிங்க குடியிருப்புல, பொறந்தவங்க. விடியக்காலம் எத்தன மணிக்கு எந்திரிச்சாங்க, வேலைய மேய்க்கிற சர்தார் எப்படிப் பேசுவாரு, சம்பள நாள்ல கடைக்காரன் கணக்குப் போக கையில என்ன மிஞ்சும், இதையெல்லாம் சனிக்கிழமைக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க. தமிழ் கொஞ்சந்தான் வரும்னா இங்க பேசுற கிரியோல் மொழி கலந்தே சொல்லட்டும், பரவாயில்ல, பிள்ளைங்க அத தமிழ்ல எழுதிட்டு வரட்டும், அங்க நின்னு வாசிக்க வைக்கிறோம். நடக்க முடிஞ்ச பாட்டி தாத்தா யாராச்சும் கூடவே வந்தா ரொம்ப சந்தோஷம், அவங்களுக்கு பஸ்ல முன் சீட்டு வச்சிருக்கோம்.

காலைல 8 மணிக்கு பஸ் கெளம்பும், மத்தியானத்துக்குள்ள திரும்பிடுவோம். தொப்பியும் தண்ணி பாட்டிலும் மறக்காம குடுத்து விடுங்க, வெயில் இருக்கும். வீட்டுல பூத்த பூ இருந்தா கொஞ்சம் குடுத்தனுப்புங்க, கடையில வாங்க வேண்டாம். கூட வர்ற பெரியவங்க பேர வியாழக்கிழமைக்குள்ள வகுப்பு டீச்சர்கிட்ட சொல்லிடுங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்