அந்தப் பெண் கேட்ட கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்டை வீட்டார் ஒருவரின் நல்லடக்கத்துக்காகச் சென்ற மாதம் நம் மொரீஷியஸ் தீவின் செயின்ட் மார்ட்டின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே யூதர்களின் பகுதியில், பதினாறு வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, கைப்பேசியில் இருந்த பழைய புகைப்படம் ஒன்றைப் பார்ப்பதும் கல்லறைகளில் பெயர்களைப் படிப்பதுமாகத் தாயாருடன் தேடிக்கொண்டிருந்தாள். பெயர் கிடைத்ததும் எழுத்துகளில் படிந்திருந்த பாசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, ஒரு கூழாங்கல்லை அதன்மேல் வைத்தாள். பூவுக்குப் பதிலாகக் கல் வைப்பது அவர்கள் மரபு. அங்கே அடங்கியிருப்பவர் அவளுடைய கொள்ளுப்பாட்டியின் அண்ணன். நாஜிகளிடமிருந்து வியன்னாவை விட்டுத் தப்பியவர்.

அப்படித் தப்பி, அன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகம்வரை வந்துசேர்ந்தவர்களில் சுமார் 1,580 பேரை, குடியேற அனுமதி இல்லையென்று பிரிட்டிஷ் ஆட்சி மீண்டும் கப்பலேற்றி, 1940 டிசம்பர் 26 அன்று நம் தீவின் போர்ட் லூயிஸில் இறக்கியது. எந்தக் குற்றமும் செய்யாத அவர்களில் ஆண்கள் போ பாசன் சிறை அறைகளிலும், பெண்களும் பிள்ளைகளும் தகரக் கொட்டகைகளிலும் 1945 ஆகஸ்ட் வரை அடைபட்டிருந்தனர். டைஃபாய்டு, மலேரியா முதலிய நோய்களால் 120-க்கும் மேற்பட்டோர் இத்தீவிலேயே மாண்டனர்.

"அவர்களைப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். என் தாயார் பார்த்திருக்கிறார். மாலை வேளைகளில் சிறை மதிலுக்கு அப்பாலிருந்து வாத்திய இசை கேட்கும் என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. வாசித்தவர்கள் யார், அவர்களோடு பேசியதுண்டா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் வழியில்லை. ஒப்பந்தக் கூலியாக வந்த முப்பாட்டனாரின் பதிவை மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தேடி அலைந்தவன் நான். இருந்தும் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அக்காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இன்று எண்பத்தைந்து வயதுக்கு மேலாகிறது. போ பாசன், ரோஸ் ஹில் தமிழ்க் குடும்பங்களில் அத்தகைய பெரியோர் இருந்தால், பேரப்பிள்ளைகள் இப்போதே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு, கைப்பேசியிலாவது பதிவுசெய்ய வேண்டுகிறேன். தமிழாசிரியர்களும் தங்கள் மாணவர்களை, அக்கல்லறைத் தோட்டத்தில் 2014-இல் திறக்கப்பட்ட நினைவு மையத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் முகவரியை வாங்கி வைத்திருக்கிறேன். சொல்வதற்கு ஒரு வரி இருந்தாலும் இப்பத்திரிகை வழியாக எனக்கு எழுதுங்கள், அவளுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்